வாசலுக்கு வெளியே இருநூறு மீட்டர்

(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘மாணவர்களுக்கான சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு ஊட்டிய விழிப்புணர்வு போதும் என்பது என் கட்சி. ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பதாகை கொடுத்து, வெயிலில் கடைவீதி வரைக்கும் நடக்க வைக்கிறோம். முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒன்று. ஹெல்மெட் போடச் சொல்லிப் பிள்ளைகள் கோஷம் போடுகிறார்கள். ஹெல்மெட் போடாத பெரியவர்கள் பைக்கை ஓரம் கட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். ஊர்வலம் முடிந்ததும் ஜீப் போய்விடும். சாயங்காலம் அதே பிள்ளைகள் அதே சாலையில், ஜீப் இல்லாமல், வீட்டுக்கு நடக்கிறார்கள். வருடம் முழுக்க அவர்கள் அந்தச் சாலையில் பத்திரமாக நடந்தது அந்த ஊர்வல நேரத்தில்தான்.

நான் சாலை போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் வளைவு எப்படி இருக்கிறது, பார்வைத் தூரம் எவ்வளவு, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். அடிபட்டது பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் மட்டும் அந்த வழக்கமெல்லாம் மறந்துபோகும். கூடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: “குறுக்கே ஓடி வந்துடுச்சு சார்.” ஆறு வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். அது ஓடும் என்று தெரிந்துதானே பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலை போட்டிருக்க வேண்டும்?

ஓடுவது கூட இரண்டாம் பட்சம். நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு கடக்கும் பிள்ளையும் அடிபடுகிறதே, அது ஏன்? லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை நாம் எப்படி உணர்கிறோம்? கண்ணுக்குள் விழும் அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான். வேகமாக வரும் வண்டி, நாம் கடக்க முடிவெடுக்கும் நேரத்தில் இன்னும் வெகுதூரத்தில் இருக்கும். அங்கே அதன் உருவம் பெரிதாவது மிகக் கொஞ்சம். பெரியவர்களின் கண் அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துவிடும். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளையின் கண் பிடிக்காது. மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல் போனால் பிள்ளைகளால் வண்டி நெருங்குவதைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. நாம் சொல்லிக் கொடுத்தபடி பிள்ளை வலது பக்கம் பார்க்கிறது, இடது பக்கம் பார்க்கிறது, வண்டியையும் பார்க்கிறது. ஆனால் அந்த வண்டி அதற்கு நிற்பது போலத் தெரிகிறது. இதை எந்த வகுப்பில் சொல்லித் திருத்துவீர்கள்? சுவீடனில் ஸ்டீனா சாண்டல்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1960களிலேயே குழந்தைகளையும் போக்குவரத்தையும் வைத்து நீண்ட ஆய்வு செய்து, சிறு பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்துப் போக்குவரத்துக்கு முழுதாகப் பழக்கிவிட முடியாது என்று எழுதிவிட்டார்.

ஆகவே பள்ளிக்கூடப் பக்கத்தில் வேக வரம்பு 30 என்று உலகம் முழுக்கச் சொல்வது ஏதோ வட்டமான எண் என்பதற்காக அல்ல. இன்னொரு கணக்கும் அதற்குப் பின்னால் இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியல் போதும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் பிள்ளையைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதன் பிறகு, காய்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரில், நிற்பதற்கு இன்னொரு 14 மீட்டர் வேண்டும். மொத்தம் 28. 30 கிலோமீட்டர் வேகம் என்றால் அதே மொத்தம் சுமார் 13 மீட்டர். இப்போது பிள்ளை 14 மீட்டர் முன்னால் சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். 30இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். 50இல் வந்தவர் பிரேக்கைத் தொடும் நேரத்தில் பிள்ளை மீது மோதியிருப்பார்; வேகம் ஒரு துளியும் குறைந்திருக்காது.

ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். பள்ளி வாசலில் நிற்கும் ஆம்னி வேனுக்குப் பின்னாலிருந்து அது வெளிப்படும் வரை ஓட்டுநருக்கு அதன் தலை கூடத் தெரியாது. பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989இன் சாலை ஒழுங்குமுறை விதிகளிலேயே எழுதியிருந்தது. உங்கள் பள்ளி வாசலில் அதற்கு அபராதம் போட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் 9,528. ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. இந்த எண்களை இதோடு விடுகிறேன். யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்தது அதுதான்.

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகைப் பள்ளி ஒன்றில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தோம். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகை போனது. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று இந்த நான்கும் இல்லாமல் அங்கீகாரம் வாங்குவது கஷ்டம் என்று ஆனது. 2012இல் தாம்பரம் பக்கத்தில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது; பள்ளிப் பேருந்துகளுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. மே மாதம் வந்தால் ஆர்.டி.ஓ. ஆட்கள் மைதானத்தில் மஞ்சள் பேருந்துகளை நிறுத்திப் படிக்கட்டு உயரத்தையும் அவசர வழியையும் சோதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022இல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் ஏறி ஒரு சிறுவன் இறந்தான். முன்னாலும் பின்னாலும் கேமரா, சென்சார் வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவு தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் கட்டடத்துக்குள் என்ன நடந்தாலும் கேட்க ஆள் இருக்கிறது, பேருந்துக்குள் என்ன நடந்தாலும் கேட்க ஆள் இருக்கிறது. கட்டடத்துக்கும் பேருந்துக்கும் நடுவில், அல்லது கட்டடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சாலைக்கு என்று ஒரு சான்று அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளி வாசலுக்கு வெளியே இரண்டு பக்கமும் இருநூறு மீட்டர். அதற்கு யார் தலைமையாசிரியர்? அதைச் சொல்லுங்கள்.

நம் ஊர் மேல்நிலைப் பள்ளி வாசலையே எடுத்துக்கொள்வோம். முன்னால் போகிற தார்ச் சாலை மாநில நெடுஞ்சாலை. ஓரத்தில் இருக்கும் மழைநீர் வடிகால் நகராட்சியுடையது. அந்த வடிகாலின் மேல் போட்டிருக்கும் சிலாப்புதான் நடைபாதை. நடைபாதையின் நடுவே மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். அதற்குப் பக்கத்தில் சாய்ந்த கம்பத்துக்குக் கட்டிய ஸ்டே கம்பி, சரியாக ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கழுத்து உயரத்தில். பாரிகேடு நகைக்கடை விளம்பரத்தோடு போலீஸ் நிறுத்தியது. பஸ் நிற்கும் இடத்தை முடிவு செய்வது போக்குவரத்துக் கழகம். நிழற்குடை கட்டிக் கொடுப்பது தொகுதி நிதி. இரண்டு சிலாப் உடைந்து போன இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனதோடு ஒரு தகர போர்டை எடுத்துப் போட்டிருக்கிறார். நான் நேற்று மாலை போய் டேப் வைத்து அளந்தேன். சாலையிலிருந்து அந்த நடைபாதைக்கு ஏற வேண்டிய உயரம் 31 சென்டிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதைக் கையேடு அதிகபட்சம் 15 சென்டிமீட்டர்தான் என்கிறது. நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. பில்லர் பாக்ஸ் போக நம்மிடம் மிச்சம் இருப்பது பள்ளிப் பையோடு ஒரு பிள்ளை பக்கவாட்டில் நுழையும் இடம். ஆகவே பிள்ளைகள் நடைபாதையில் ஏறுவதே இல்லை. தாரில் நடக்கிறார்கள். ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

நமக்கு நடைபாதை போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று 2014இலேயே கொள்கை வகுத்தது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான, சமமான, உட்கார இருக்கையுள்ள நடைபாதையைத் திறந்தது. போய் நடந்து பாருங்கள், நன்றாக இருக்கிறது. சேலை வாங்கப் போகிறவர்களுக்கு நடக்க இடம் தந்த நம் கைத்திறமை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் கிடைக்கலாம் அல்லவா?

வாசலில் நடக்கும் நெரிசலுக்கு இப்போது வருகிறேன். இங்கே பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பது வரை பள்ளி வாசலில் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான். சாலை பயமாக இருக்கிறது என்பதால் பிள்ளையை நடக்கவிடாமல் டூ வீலரில் கொண்டு வந்து விடுகிறோம். நம் டூ வீலரால் சாலை இன்னும் பயமாகிறது. அதைப் பார்த்து, அதுவரை நடந்து வந்த பிள்ளையின் அப்பாவும் ஒரு ஸ்கூட்டி வாங்குகிறார். அமெரிக்காவில் இந்தச் சுழலை எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறார்கள். 1969இல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளில் 48 சதவீதம் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் 13 சதவீதம். 2005இல் அந்த நாட்டு அரசு சட்டத்திலேயே கோடிக்கணக்கான டாலரை ஒதுக்கி, பிள்ளைகளை மறுபடி நடக்க வைக்கத் திட்டம் போட வேண்டி வந்தது. நாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றும் நடக்கிறார்கள், அரசு கொடுத்த சைக்கிளில் வருகிறார்கள், டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களை இழக்காமல் இருப்பது, இழந்த பிறகு திரும்பக் கொண்டு வருவதைவிட மலிவு.

இதில் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. நல்ல காரியத்திலிருந்து வந்த சிக்கல். காலை உணவுத் திட்டம் 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதனால் சின்னப் பிள்ளைகள் எட்டு மணி வாக்கிலேயே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி வருவான். இப்போது அக்கா கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. தம்பி தனியாக வருகிறான். சாலையைக் கடக்க வைக்கும் போலீஸ்காரரோ ஊர்க்காவல் படைக்காரரோ அந்த நேரத்தில் இருப்பதில்லை. அவர்களுக்கு ‘பீக் அவர்’ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த நேரத்தை அரை மணி முன்னால் தள்ள, காவல் ஆய்வாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். இதற்குப் பைசா செலவில்லை.

நான்குவழிச் சாலையை ஒட்டியிருக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள். நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பாடு தனி. சாலையை அகலப்படுத்தும்போது ஊர் இரண்டாக வெட்டுப்பட்டது; காலனி ஒரு பக்கம், பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். நான்குவழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை 2018இல் அனுமதி கொடுத்தார்கள். ஒரு பக்கத்து இரண்டு தடம் ஏழு மீட்டர். பிள்ளை வினாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் ஏழு வினாடி. 100 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஏழு வினாடியில் கிட்டத்தட்ட 200 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது, பத்திரமாகக் கடக்க அந்தப் பிள்ளை 200 மீட்டருக்கு அப்பால் வரும் காரைக் கண்டு, அதன் வேகத்தையும் கணிக்க வேண்டும். 32 கிலோமீட்டருக்கு மேல் கணிக்கத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு! பிறகு சென்டர் மீடியனில் ஏறி நின்று, மறுபக்கத்துக்கும் அதே கணக்கைப் போட வேண்டும்.

நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். லாரி போக 5.5 மீட்டர் இடைவெளி, பாலத்தின் கனம் எல்லாம் சேர்த்து ஆறு மீட்டர் ஏற வேண்டும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்றால் நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும், முதுகில் பையோடு. யாரும் ஏற மாட்டார்கள். ஏறாதவர்களைப் பார்த்து ‘பொறுப்பில்லாத ஜனங்கள்’ என்று நாங்கள் கோப்பில் எழுதுவோம். சாலையை உயர்த்தி அடியில் வழி விடுவதுதான் சரி. அந்த வழியில் மழைநீர் நிற்காமலும் விளக்கு எரியும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் ஆகும், ஆகட்டும்.

உங்கள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தச் சட்டத்துக்காக 2010இல் மத்திய அரசு வகுத்த விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால், அந்த ஆபத்தைத் தவிர்க்கும்படியாகத் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மலைச்சரிவையும் வெள்ளத்தையும் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் போகும் சாலை எந்த வெள்ளத்துக்குக் குறைந்தது? நீங்கள் கொடுக்கும் மனுவில் இதைச் சேர்த்து எழுதுங்கள்.

மற்ற நாடுகள் எல்லாம் பிறவியிலேயே ஒழுங்கானவை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்து என்றால் சைக்கிள், அமைதியான தெரு என்று படம் பார்த்திருப்போம். 1971இல் அந்தச் சின்ன நாட்டில், மொத்த ஜனத்தொகையே சுமார் 1.3 கோடி இருந்த காலத்தில், சாலையில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400க்கும் மேல் பிள்ளைகள். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் மறு ஆண்டு நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள் என்பது அதன் தலைப்பு. அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போக்குவரத்தை மறித்தார்கள், பிள்ளைகள் விளையாடத் தெருவை மூடினார்கள். வீட்டுத் தெருக்களில் வண்டி நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று 1976இல் சட்டமே வந்தது. விபத்து என்று சொல்லாமல் கொலை என்று சொன்ன அந்தப் பெற்றோரின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஜப்பானில் நடந்தது நமக்கு இன்னும் பொருத்தமானது. 2021 ஜூன் மாதம் சிபா மாநிலத்தில், பள்ளி விட்டு வரிசையாக நடந்து வந்த பிள்ளைகள் மீது, குடித்துவிட்டு ஓட்டிய லாரி மோதி இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சாலையில் நடைபாதை இல்லை. ஓட்டுநரைச் சிறையில் போட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிப் பாதைகளைச் சோதித்து, சரிசெய்ய வேண்டிய இடங்கள் சுமார் 76,000 என்று பட்டியல் போட்டார்கள். அந்தச் சோதனைக்குப் பள்ளிக்கூடம், சாலைத் துறை, போலீஸ் மூன்றும் சேர்ந்து போகின்றன. ஒரே நேரத்தில் மூன்று பேரும் அதே இடத்தில் நின்றால், ‘அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை’ என்று சொல்ல வழியில்லை.

‘அது பணக்கார நாடு’ என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. தான்சானியா பணக்கார நாடு இல்லை. தாருஸ்ஸலாமில் தொடங்கிய ஒரு திட்டம், ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பள்ளிக்கூட வாசல்களைத் திருத்தியது. அமெண்ட் என்ற தொண்டு அமைப்பு செய்தது. நடைபாதை, வேகத்தடை, கடவை, அறிவிப்புப் பலகை, சில இடங்களில் பள்ளி வாசலையே நெரிசல் இல்லாத பக்கத்துக்கு மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. பிள்ளைகள் அடிபடுவது கால் பங்குக்கு மேல் குறைந்தது என்று கணக்கெடுத்துக் காட்டினார்கள். 2019இல் நகரங்களுக்கான ஒரு பெரிய சர்வதேசப் பரிசும் அதற்குக் கிடைத்தது. வாசலை மாற்றுவது என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் எத்தனை பள்ளிகளுக்குப் பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது? அந்தப் பக்கத்துக் கேட்டுக்கு எத்தனை வருடமாகப் பூட்டுத் தொங்குகிறது?

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை, தொழில்காரன் என்ற முறையில். ஒரு பிள்ளை அடிபட்ட அன்று மறியல் நடக்கும். மறுநாள் ராத்திரி யாரோ வந்து அரை மீட்டர் அகலத்துக்கு வரப்பு மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். அது வேகத்தடை அல்ல, முதுகெலும்பை உடைக்கும் தடை. எங்கள் கையேட்டில் உள்ளது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது உறைக்காது. 50இல் போகிறவருக்கு நன்றாக உறைக்கும். அதைவிட நல்லது, கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிடுவது. பிள்ளை இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். வெள்ளைக் கோடு மட்டும் போட்டுவிட்டு ஜீப்ரா கிராசிங் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊரில் அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டுக் கலையாமல், பள்ளி விடும் நேரத்தில் வாசலுக்கு வாருங்கள். ஒரு டேப், ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு செல்போன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை முன்னால் நடக்கவிடுங்கள். நீங்கள் பின்னால் போங்கள். வழி சொல்லாதீர்கள். பிள்ளை எங்கே நடைபாதையை விட்டுத் தாரில் இறங்குகிறதோ அங்கே தரையில் ஒரு வட்டம் போடுங்கள். எதற்காக இறங்கியது என்று பக்கத்தில் எழுதுங்கள்: டிரான்ஸ்பார்மர், உடைந்த சிலாப், நிறுத்திய பைக், பிளெக்ஸ் கால், குப்பைத் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் சொந்தக்காரர் யார் என்று எழுதுங்கள்: மின்வாரியம், நகராட்சி, நெடுஞ்சாலை, போலீஸ், கடைக்காரர். ‘பள்ளி மாணவர்களின் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டுகிறோம்’ என்ற மனுவை எந்த அதிகாரியும் சுலபமாக அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார். ‘இன்ன கடைக்கு எதிரே பில்லர் பாக்ஸ் நடைபாதையில் இருக்கிறது, மிச்ச அகலம் 40 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்’ என்று போட்டோவோடு வரும் மனுவைத் தள்ளுவது சிரமம். நான் அந்த மேஜையில் இருந்திருக்கிறேன், சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் இன்னொரு முறை நடந்து பாருங்கள். வட்டங்கள் இரண்டு மடங்காகும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியலைக் கொடுத்தவுடன் நிர்வாகத்துக்குச் செய்யச் சுலபமாகத் தோன்றுவது, வாசலில் மாங்காய்க் கீற்றும் அவித்த கடலையும் விற்கும் அம்மாவை அப்புறப்படுத்துவது. அதை ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று செய்தியும் போடுவார்கள். அந்த அம்மா எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு கூடை அளவு. ஒரு கார் எடுத்துக்கொள்ளும் இடம் பத்துச் சதுர மீட்டருக்குக் குறையாது. எந்தப் பிள்ளை இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, எந்தப் பிள்ளையை யாரோ தெரியாதவர் கூப்பிடுகிறார் என்பது அந்த அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டப்படி இடம் குறித்துக் கொடுத்து, அங்கேயே உட்கார வைக்கலாம். முதலில் கார்களை நகர்த்துவோம்.

பள்ளிக்கூடமே தன் அதிகாரத்தில் செய்யக்கூடியவையும் உண்டு. நடந்து போகிற பிள்ளைகளையும் சைக்கிள் பிள்ளைகளையும் முதல் மணியில் விட்டுவிட்டு, வண்டியில் போகிறவர்களைப் பத்து நிமிடம் கழித்து விடலாம். காத்திருக்கும் தண்டனை வண்டிக்கு இருக்கட்டும். பெற்றோர் வண்டியை இருநூறு மீட்டருக்கு அப்பால், கோயில் மைதானத்திலோ மண்டப வாசலிலோ நிறுத்திவிட்டுப் பிள்ளையை நடத்திக் கூட்டி வரலாம். பள்ளிக்கூடம் சின்னத் தெருவில் இருந்தால், காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் அந்தத் தெருவை வண்டிக்கு அடைக்கலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் வழி. இத்தாலியில் பொல்சானோ நகரில் 1989 முதல் இப்படிச் செய்கிறார்கள். தேருக்கும் சப்பரத்துக்கும் தெருவை அடைப்பதில் நமக்கு இருக்கும் அனுபவம் அவர்களுக்கு இருக்க வாய்ப்பில்லை.

சட்டத்தின் காற்று இப்போது உங்கள் பக்கம் வீசுகிறது. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு இன்னும் நடக்கிறது. அடிபட்டு வருகிறவர்களை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தவர், அடிபடுவதையே நிறுத்த முடியாதா என்று கேட்டு நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2025 மே மாதம், நடக்கத் தகுந்த நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் ஐம்பது நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும், பாதசாரிகளுக்கான விதிகளை மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் வகுக்கவும் உத்தரவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவில், தரம் தவறிப் போட்ட சாலையால் உயிர் போனால் அதைப் போட்டவர்களுக்கும் வடிவமைத்தவர்களுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மனுவின் கடைசி வரியில் அந்தப் பிரிவின் எண்ணை மட்டும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம். என் பழைய சகாக்கள் புரிந்துகொள்வார்கள்.

மனுவை எங்கே கொடுப்பது? திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது கிடைக்கும். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. நெடுஞ்சாலை, போலீஸ், போக்குவரத்து, உள்ளாட்சி எல்லோரும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அதுதான். அதன் நிகழ்ச்சி நிரலில் உங்கள் பள்ளியின் பெயர் ஏற வேண்டும். கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் இணையுங்கள். இந்த மாவட்டத்திலிருந்து ஒரே மாதத்தில் முப்பது பள்ளிகளின் சாக்பீஸ் வரைபடங்கள் அந்த மேஜைக்குப் போனால், அவர்களால் வேறு எதைப் பற்றியும் பேச முடியாது.

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். டேப் கொண்டு வந்திருக்கிறேன்; கூட்டம் முடிந்ததும் நம் மேல்நிலைப் பள்ளி வாசலுக்குப் போவோம், வருகிறவர்கள் வரலாம். அதற்கு முன் கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நெடுஞ்சாலைத் துறையிலிருந்தோ மின்வாரியத்திலிருந்தோ யாராவது வந்திருந்தால் தயவுசெய்து கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்து உட்காருங்கள். முதல் கேள்வி எனக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.